குறைந்த செலவில் குறும்படம்: படப்பிடிப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

அறுபதாயிரம் ரூபாயில் குறும்படம் எடுக்க நினைக்கிறவரிடம் பணம்தான் குறைவு, நேரம் இருக்கிறது. வாடகைக் கேமரா வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து மணிக்கு மணி காசு போகும். பதினைந்து பேருக்குச் சாப்பாடு, வண்டி, லைட் வாடகை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் எத்தனை முறை யோசித்தாலும், எத்தனை முறை அடித்துத் திருத்தி எழுதினாலும் செலவில்லை. ஆகவே, ‘ஸ்பாட்டில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைக்கிற ஒவ்வொரு முடிவையும் அந்த ஒன்றரை மாதத்துக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வேலையைப் பற்றித்தான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. வாசலில் நிற்கும் அவருடைய பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை விற்றுவிட மகன் முடிவு செய்கிறான். வாங்க ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அவர் வண்டியைப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்பதுதான் படம். கடைசிவரை இந்தக் கதையை வைத்தே பேசலாம்.

கதையைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவருவது

இந்தக் கதையின் முதல் பிரதி பெரும்பாலும் எப்படி இருக்கும் தெரியுமா? அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிளாஷ்பேக், கொட்டும் மழையில் சின்னப் பையனைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் வண்டி ஓட்டும் காட்சி, மகன் ஊரிலிருந்து வந்து இறங்கும் பஸ் ஸ்டாண்ட், ஆர்.டி.ஓ. அலுவலகம். எழுதும்போது எல்லாமே தேவை என்றுதான் தோன்றும்.

மழைக் காட்சியை மட்டும் கணக்குப் பார்ப்போம். தண்ணீர் லாரி வேண்டும், பம்ப் வேண்டும், தெளிக்க ஆள் வேண்டும். பின்னாலிருந்து பலமாக லைட் அடித்தால்தான் மழைத்துளி கேமராவில் தெரியும், அதற்குப் பெரிய லைட்டும் ஜெனரேட்டரும் வேண்டும். நனைந்த உடைக்கு மாற்று இரண்டு செட்டாவது வேண்டும். கூடவே ஒரு குழந்தை நட்சத்திரம், ராத்திரி நேரம், நனைந்த ரோடு, ஓடும் வண்டி. ஒரு நிமிடக் காட்சிக்கு மொத்த பட்ஜெட்டும் போய்விடும். அதற்குப் பதிலாக, வாங்க வந்தவர் வண்டியின் முன்பெட்டியைத் திறக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மடித்து வைத்த பழைய ரெயின்கோட் இருக்கிறது. அதற்கடியில் ஒரு சின்னப் பையனின் ரெயின்கோட். அம்மா இரண்டையும் எடுத்து உள்ளே கொண்டுபோகிறாள், யாரும் எதுவும் பேசவில்லை. செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மழையில் அப்பாவும் பிள்ளையும் போனது பார்க்கிறவர் மனதில் ஓடிவிடும். என்னைக் கேட்டால், காசு இருந்தாலும் இந்தக் காட்சியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மாலை போட்ட படம் போதும். பஸ் ஸ்டாண்டுக்கு மகன் தோளில் இன்னும் இறக்காத பை போதும். ஆர்.டி.ஓ. அலுவலகம் வேண்டாம், பெயர் மாற்றுவதற்கான 29, 30ஆம் எண் படிவங்களை வாங்க வந்தவரே கையோடு கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டட்டும். இப்போது படத்தில் ஒரு வீடு, அதன் வாசல், தெரு, மூன்று பேர், ஒரு வண்டி மட்டும்தான் இருக்கின்றன.

ஆனால் வெட்டக் கூடாத ஒன்று ஒவ்வொரு கதையிலும் உண்டு. இதில் அது வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். ஒரு வருடமாக ஓடாத சேத்தக்கைச் சாய்த்து நிமிர்த்தி உதைக்கிறான், அது உயிர்பெறும்போது அம்மாவின் முகம். அதற்கு எவ்வளவு செலவானாலும் செய்யுங்கள். எது போனால் படம் செத்துவிடும் என்று கேட்டுப் பார்த்து, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவதுதான் முறை.

நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு அமெரிக்கத் திரைக்கதை வடிவத்துக்குப் பொருந்துவது. நம் சீன் பேப்பருக்கு அது சரிவராது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, மௌனங்களையும் சேர்த்து வாய்விட்டு நடித்துப் படித்துப் பாருங்கள். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டிலோடு சேர்த்து 15 நிமிடம்தான் உச்ச வரம்பு. ஆஸ்கரில் 40 நிமிடம் வரை ஏற்கிறார்கள். முதல் படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாராளம்.

சொந்தக் கதை அமையவில்லை என்றால் தமிழ்ச் சிறுகதை உலகம் பெரிய களஞ்சியம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1944இல் மறைந்த கு.ப.ரா., 1948இல் மறைந்த புதுமைப்பித்தன், 1954இல் மறைந்த கல்கி ஆகியோரின் எழுத்தை இன்று யாருடைய அனுமதியும் இல்லாமல் படமாக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் பட்டியலும் இருக்கிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். வாழும் எழுத்தாளர் என்றால் நேராகக் கேளுங்கள், காசு வாங்காமலே பலர் சம்மதிப்பார்கள். ஆனால் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு விழாவுக்கு அனுப்ப முடியாது.

சீனைப் பிரித்துப் போடுவது

கதை உறுதியானதும் ஒவ்வொரு சீனையும் பிரித்து ஷீட் போட வேண்டும். யார் வருகிறார்கள், என்ன உடை, கையில் என்ன இருக்கிறது, கதையில் அது எந்த நாள், எந்த நேரம், என்ன சத்தம் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒளிந்திருக்கும் பிரச்சினை எல்லாம் இங்கேதான் தலைகாட்டும்.

நம் கதையில் ‘ஸ்கூட்டர்’ என்று ஒரு வார்த்தைதான் எழுதியிருப்போம். பிரித்துப் பார்த்தால் கேள்விகள் வரிசையாக வரும். வண்டி யாருடையது? இரண்டு நாள் தருவாரா? உண்மையில் ஓடுமா, ஓடாதா? ஓடாத வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் மெக்கானிக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தனியார் வண்டிகளின் பதிவு 15 ஆண்டு வரைதான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு பழைய வண்டியில் அது நடந்திருக்கிறதா? இல்லையென்றால் தெருவில் ஓட்டும் ஷாட் வேண்டாம், வாசலுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். நம்பர் பிளேட்டில் இருப்பது நிஜமான ஒருவரின் எண், அது திரையில் தெரியலாமா? படிவத்தில் எழுதும் எண்ணும் பிளேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு வருடம் நின்ற வண்டி என்றால் தூசு வேண்டும். அம்மா தூசு தட்டும் டேக் சரியாக வரவில்லை என்றால் திரும்பப் பூச எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விகளை வீட்டில் கேட்டால் பதில் தேட ஒரு வாரம் கிடைக்கும். ஸ்பாட்டில் கேட்டால் பத்து நிமிடம்தான்.

இடம்: முதலில் காதைத் திறந்து பாருங்கள்

லொகேஷன் பார்க்கப் போகிறவர்கள் மொபைலை எடுத்து ஃப்ரேம் வைத்துப் பார்க்கிறார்கள். குறைந்த செலவுப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் சத்தம்தான். மங்கலான ஷாட்டைப் பார்வையாளர் மன்னிப்பார், வசனம் கேட்கவில்லை என்றால் அந்த நிமிடமே அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். லைவ் சவுண்ட், அதாவது டப்பிங் இல்லாமல் ஸ்பாட்டிலேயே வசனத்தைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், எந்த நாளில் எந்த நேரத்தில் படப்பிடிப்போ அதே கிழமையில் அதே நேரத்தில் அந்த வீட்டில் போய் உட்காருங்கள். யாரும் பேசாமல் அரை மணி நேரம் ரெக்கார்ட் செய்து, ஹெட்போனில் கேளுங்கள். காதுக்குப் பழகிப்போன மிக்ஸி, போர்வெல் மோட்டார், மேல்வீட்டுக் குக்கர் விசில், காய்கறி வண்டியின் ஸ்பீக்கர், காக்கை எல்லாம் அதில் ஒழுங்காகப் பதிந்திருக்கும். சென்னையில் பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் என்றால் விமானமும் மின்சார ரயிலும் உங்கள் வசனத்துக்கு நடுவில் வரும்.

காலண்டரையும் பாருங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, விநாயகர் சதுர்த்தி வாரம், பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் முகூர்த்த நாட்கள். இவை எதையும் உங்களால் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்வதும் முறையில்லை. நாளை மாற்றுங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு நடக்கும்போது பிள்ளைகள் இருக்கும் வீட்டை யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வெளிப்புறக் காட்சி வைத்தால் மாற்றாக எடுக்க ஓர் உட்புறக் காட்சி தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வாசல் எந்தத் திசை பார்க்கிறது? கிழக்குப் பார்த்த வாசல் என்றால் நம் வாசல் காட்சியைக் காலையில் எடுத்தால் முகத்தில் நேர்வெயில், மதியத்துக்கு மேல் சீரான நிழல். எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும் ஒரு காட்சிக்கு நிழல்தான் நல்லது, வெயில் நகர்ந்துகொண்டே இருந்தால் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. சென்னையில் ஜூனில் ஆறரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் போய்விடும். மாலையில் மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஷெட்யூல் போடும்போது இதை மறந்தால் கடைசி நான்கு ஷாட் போச்சு.

வீட்டு லைட்டுகளையும் கேமரா வைத்தே சோதிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 50இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் படத்தில் பெரும்பாலும் வெளிச்சத் துடிப்பு வராது. மலிவான சில எல்.இ.டி. பல்புகள் அப்போதும் துடிக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு நல்ல பல்பு நாலு வாங்கிப் போங்கள். பிளக் பாயிண்ட் என்ன ஆம்பியர் என்று பாருங்கள். சாதாரண 5 ஆம்பியர் பாயிண்டில் ஒரு கிலோவாட் லைட் ஒன்று தாங்கும், இரண்டாவது போட்டால் ஃபியூஸ் போகும். பெரிய லைட்டை ஏ.சி. அல்லது கீசருக்குப் போட்டிருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து எடுக்கலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தப் பகுதிக்கு எந்த நாள் என்றும் விசாரியுங்கள், முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

பிறகு பலரும் கேட்க மறக்கும் விஷயம்: பெண்கள் உடை மாற்ற அறை இருக்கிறதா, கழிவறை பயன்படுத்தலாமா, பதினைந்து பேர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நண்பரின் வீடு என்பதால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். நண்பர் சம்மதித்திருப்பார், அவருடைய அம்மாவுக்கு ஆணி அடிப்பதும் சாமி அறைப் பக்கம் செருப்போடு போவதும் தெரிந்திருக்காது. என்னென்ன நகர்த்தப்படும், எத்தனை மணிக்கு முடியும் என்று வீட்டுப் பெரியவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அனுமதிகள்

தனியார் வீட்டுக்குள் எடுத்தால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் போதும். தெருவில் டிரைபாட் வைத்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்னதாகக் கடிதம் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது. மாநகராட்சிப் பூங்கா, கடற்கரை, ரயில் நிலையம், மெட்ரோ, கோயில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கட்டணம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் படம் பிடிக்க உரிமம் வேண்டும், அதற்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். இந்த பட்ஜெட்டில் அந்த இடங்களை எழுதாமல் இருப்பதே மேல். ‘ஒளிச்சு எடுத்துரலாம்’ என்பவர்கள் இருப்பார்கள். பாதியில் நிறுத்தினால் உங்கள் நாள் மட்டும் போகாது, கூட வந்த அத்தனை பேரின் நாளும் போகும்.

ட்ரோன் ஷாட் ஆசை எல்லோருக்கும் வரும். 2021 ட்ரோன் விதிகளின்படி இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. தென்சென்னையின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்த பிறகே அந்த ஷாட்டை எழுதுங்கள்.

குழந்தைகளை நடிக்க வைப்பதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சின்னப் படம்தானே என்று விலக்கு எதுவும் கிடையாது. சட்டத்தை விடுங்கள், தூக்கம் வந்த குழந்தையைப் பதினொரு மணிக்கு எழுப்பி எடுக்கிற எந்த ஷாட்டும் அந்தப் படத்துக்கு நல்லதில்லை. விலங்குகளுக்கும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். தெருநாய் ஒன்று ‘நடிக்க’ வேண்டும் என்று எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

ஆட்கள்

நம் கதையில் கஷ்டமான தேடல் அம்மா பாத்திரத்துக்கு. கல்லூரி வயதில் நடிக்க நூறு பேர் கிடைப்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண், கேமரா முன்னால் சும்மா உட்கார்ந்தாலே கதை சொல்லும் முகம், இரண்டு நாள் வீட்டை விட்டு வர வேண்டும். நாடகக் குழுக்களில் தேடுங்கள். சென்னையில் 1970களில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை வழி வந்தவர்களும், மதுரை, புதுச்சேரி நாடகக்காரர்களும் நல்ல கதைக்கு வருவார்கள். பள்ளி ஆசிரியைகள், கோயில் கச்சேரி பாடுகிறவர்கள், உங்கள் தெருவிலேயே நன்றாகக் கதை சொல்கிற அக்காக்கள் எல்லோரையும் பாருங்கள். அப்படி ஒருவர் சம்மதித்தால் வீட்டுக்குக் கார் அனுப்புங்கள், இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவிடுங்கள், அவருடைய மகளோ மருமகளோ கூட வருவதற்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லுங்கள். இது பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

வட்டார வழக்கில் ஒரு யோசனை. கதை கோவையில் நடக்கிறது, கிடைத்த நல்ல நடிகை திருநெல்வேலிக்காரர் என்றால், கதையைத் திருநெல்வேலிக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் யாரும் இன்னொரு ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ள முடியாது. அவரிடம் காட்சியைச் சொல்லி, ‘நீங்களா இருந்தா எப்படிம்மா சொல்வீங்க?’ என்று கேட்டு வசனத்தைத் திருத்துங்கள். என் அனுபவத்தில் எழுதி வைத்ததை விட அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஒத்திகையை டீக்கடையிலோ மொட்டை மாடியிலோ வைக்காமல் முடிந்தால் அந்த வீட்டிலேயே, அந்த வண்டியை வைத்தே பாருங்கள். முன்பெட்டி திறக்கக் கஷ்டம், ரெயின்கோட் நினைத்ததைவிடப் பெரிது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நடிகரின் கைக்கு அந்தப் பொருள் பழகியிருந்தால் பாதி நடிப்பு வந்துவிட்டது.

யூனிட்டில் குறைக்கக் கூடாத இரண்டு பேர் உண்டு. ஒருவர் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். கேமராவை நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சவுண்டுக்குத் தெரிந்த ஆளைக் காசு கொடுத்தே கூப்பிடுங்கள். இன்னொருவர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி இயக்குநர். சாப்பாடு வந்ததா, ஆட்டோ வந்ததா என்று இயக்குநரே ஓடினால் நடிகரிடம் பேச அவருக்கு மனம் இருக்காது. நட்புக்காக வருகிறவர்களுக்கும் பேட்டாவும் வண்டிச் செலவும் கொடுங்கள். சம்பளம் உண்டா இல்லையா, படம் எங்கே வெளியாகும், பரிசு வந்தால் யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் நட்பு நீடிக்கும்.

ஷாட் டிவிஷன், மொபைல் படம்

ஷாட் டிவிஷன் என்பது ஒவ்வொரு சீனையும் ஷாட் ஷாட்டாகப் பிரிப்பது. அதற்காக நல்ல இயக்குநருக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட்டுகளின் படக்கதை, வரையத் தெரிய வேண்டியதில்லை. லொகேஷனுக்கு இரண்டு நண்பர்களைக் கூட்டிப்போய், நடிகர்களுக்குப் பதிலாக அவர்களை நிறுத்தி, முழுப் படத்தையும் மொபைலில் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அன்றிரவே எடிட் செய்து பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் என்று நினைத்தது பதினெட்டு வரும். ஐந்து ஷாட்டில் சொன்னது இரண்டிலேயே முடிந்திருக்கும். எங்கேயோ ஒரு சஜஷன் ஷாட் (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரை எடுப்பது) இல்லாமல் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது ஒட்டாது. படம் நீளமாக இருக்கிறது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்னால் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிறகு எண்ணிக்கை. பன்னிரண்டு மணி நேரக் கால்ஷீட்டில் சாப்பாடு, டீ, செட் போடுவது போக நிஜமாக வேலை நடப்பது பத்து மணி நேரம். புதிய யூனிட்டுக்குக் கேமராவை நகர்த்தி லைட் மாற்றி இரண்டு மூன்று டேக் எடுக்க ஷாட்டுக்குச் சுமார் 25 நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு நாளைக்கு 24 ஷாட். உங்கள் பட்டியலில் எண்பது ஷாட் இருந்து கையில் இரண்டு நாள்தான் என்றால், குறைக்கும் வேலையை இன்றைக்கே செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பக்கத்திலும் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்று குறித்துவைத்தால் மாலை ஐந்து மணிக்குப் பதற வேண்டியிருக்காது.

கேமரா எது என்பது நாம் பேசிய எல்லாவற்றுக்கும் பிறகுதான் வரும். ஒளிப்பதிவாளர் கைபழகிய கேமரா எதுவோ அதுவே சரி. டேட்டா கணக்கு மட்டும் போடுங்கள்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 45 ஜி.பி. ஆகும். இரண்டு நாளில் ஐந்து மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 225 ஜி.பி. அதை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் இரண்டு பேர் வீட்டில் வைக்க வேண்டும். ஏற்றிச் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஒருவர் பெயரை எழுதிவையுங்கள்.

ஷெட்யூலும் பணமும்

கதை வரிசையில் எடுக்க ஆசைப்படலாம், இரண்டு நாளில் அது நடக்காது. ஒரே பக்கம் பார்க்கும் ஷாட்டுகளைச் சேர்த்து எடுத்துவிட்டு, பிறகு கேமராவைத் திருப்புங்கள். முதல் நாள் முதல் ஷாட்டுக்கு லேசான ஒன்றை வையுங்கள், மகன் பையோடு வாசலில் வந்து நிற்பது போதும். எல்லோருக்கும் கை பழகட்டும். வண்டி ஸ்டார்ட் ஆகும் காட்சியை இரண்டாம் நாள் காலையில் வைப்பேன். அம்மாவாக நடிப்பவருக்கு அதற்குள் யூனிட் பழகியிருக்கும், சோர்வும் வந்திருக்காது. மெக்கானிக்குக்கும் ஒரு நாள் போதும்.

பட்ஜெட்டில் எல்லோரும் கேமரா வாடகையில் தொடங்குகிறார்கள். சாப்பாட்டில் தொடங்குங்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு டீ, மாலை வடை என்று தலைக்கு 300 ரூபாய் வைத்தால் 15 பேருக்கு இரண்டு நாளில் 9,000. ஒழுங்கான சாப்பாடு நேரத்துக்கு வந்தால் இலவசமாக வேலை செய்கிறவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். அடுத்து வண்டிச் செலவு. அதற்கடுத்து எடிட், மிக்சிங், கலர், சப்டைட்டில் ஆகியவற்றுக்கான தொகையைத் தனிக் கணக்கில் எடுத்துவைத்துவிடுங்கள், படப்பிடிப்பில் தொடவே கூடாது. எடுத்து முடித்த பல படங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே கிடப்பதற்குக் காரணம் இந்தப் பணம் முதல் நாளிலேயே கரைந்ததுதான். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அவசரத்துக்கு. மிச்சத்தில்தான் கேமராவும் லைட்டும்.

இசை உரிமையும் இப்போதே முடிவாக வேண்டும். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்று ஒரு சினிமாப் பாட்டை அம்மா முணுமுணுப்பதாக எழுதுவது சுலபம். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பக்கத்து டீக்கடை ரேடியோவில் ஓடும் பாட்டு உங்கள் மைக்கில் விழுந்தாலும் இதே சிக்கல்தான், யூடியூபில் ஏற்றியதும் உரிமை கோரல் வரும். பாரதி 1921இல் மறைந்தவர், அவர் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டும், ஒரு கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவும் வேறு கணக்கு. அம்மா தன் சொந்த ராகத்தில் பாரதியை முணுமுணுக்கட்டும், அல்லது உங்கள் இசையமைப்பாளரிடம் நாலு வரி கேளுங்கள்.

கடைசி வாரம்

ஏழு நாளுக்கு முன்னால் யூனிட் முழுவதும் ஒருமுறை உட்கார்ந்து சீன் சீனாகப் படிக்க வேண்டும். ‘இந்த ஷாட்டில் மைக்கை எங்கே வைக்கிறது?’ என்று சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கேட்கட்டும், ‘இந்தப் புடவை சுவர் நிறத்தோடு கலந்துபோகுதே’ என்று ஒளிப்பதிவாளர் சொல்லட்டும். உடைகளையும் பொருட்களையும் போட்டோ எடுத்து, ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் கண்டினியூட்டி பார்ப்பவரிடம் கொடுங்கள். வண்டியை மெக்கானிக் முன்னால் ஸ்டார்ட் செய்து பாருங்கள், அந்தச் சத்தத்தை அன்றைக்கே தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். படப்பிடிப்பு நாளில் அது ஓடாமல் போனாலும் சத்தம் கையில் இருக்கும்.

மூன்று நாளுக்கு முன்னால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நடிகர்கள், வீடு, சவுண்ட் மூன்றும் உறுதியா? இதில் ஒன்று ஆடினாலும் தேதியைத் தள்ளுங்கள். இப்போது தள்ளினால் போவது கொஞ்சம் அட்வான்ஸ். கேமரா, ப்ராப்ஸ் எது தவறினாலும் சமாளிக்கலாம், இந்த மூன்றில் சமாளிப்பு கிடையாது.

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி போக வேண்டும்: யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், வீட்டின் கூகுள் மேப், எந்தெந்த சீன், எந்த உடை, பக்கத்து ஆஸ்பத்திரி எது, யாருக்குப் போன் செய்வது. வயதானவர்களுக்கு வாட்ஸ்அப்போடு விடாமல் போன் செய்து சொல்லுங்கள். பேட்டரிகள் சார்ஜில் இருக்கின்றனவா, கார்டுகள் காலியா என்று ஒளிப்பதிவாளரிடம் கேட்டுவிட்டு, டிபன் சொன்ன கடைக்கு ஒருமுறை கூப்பிட்டு எத்தனை பேர், எத்தனை மணி என்று திரும்பச் சொல்லுங்கள். பிறகு படுத்துத் தூங்குங்கள், காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும்.